ஒத்தையில் ஒரு பெண், ஒரு சைக்கிள், ஒன்பது தேசம்!

தை பிறந்துவிட்டால் கொட்டாம்பட்டி ரோட்டோரத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று கிழக்கேயிருந்து வருகிற பாதயாத்திரைக் கூட்டம், மதுரை - திருச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்டி, நத்தம் வழியாகப் பழனிக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதில் எத்தனை பெண்கள்! தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் மாற்றுப் புடவை, ஒரு துண்டு, போர்வை, தைலம், தட்டு, டம்ளர். அவ்வளவுதான் சாமான். இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போவதென்றால் மூன்று பெட்டி கட்டுகிற அதே பெண்மணிகள்தான் இவர்கள்.

பல தைப்பூசம் நடந்து பழகிய எங்கள் சின்னம்மா சொல்வார்: "மூட்டையைப் பார்த்தாலே ஆளு புதுசா பழசான்னு தெரிஞ்சுரும்டி. புதுசா வாரவ வீட்டையே தூக்கிட்டு வருவா. நத்தம் போறதுக்குள்ள பாதியை யார்கிட்டயாவது குடுத்துருவா."

முதுகில் ஒரே ஒரு பையை மாட்டிக்கொண்டு தேசம் தேசமாகத் தரை வழியே போகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். 'பேக்பேக்கர்' என்று பெயர். அவர்கள் முதலில் கற்கிற பாடமும் சின்னம்மா சொன்னதேதான். ஆனால் பாதயாத்திரையில் கூட்டம் இருக்கிறது, முன்னே பின்னே நம்ம ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், வழியெல்லாம் அன்னதானம் இருக்கிறது. பாஷை தெரியாத நாட்டில், துணையில்லாமல், ஒரு பெண் போக முடியுமா?

"ஒத்தைப் பொம்பளையாவா? வீட்ல விட்டாகளா?" நம்ம பக்கத்தில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், நான் இங்கே சொல்லப்போகிற பெண்ணின் கதையில் முதலில் உள்ள முடிச்சும் வீடுதான். வழியில் வந்த ஓநாயும் திருடனும் அதற்கு அப்புறம்தான்.

பத்து வயதில் ஒரு ரகசியம்

அவர் பெயர் டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்து தேசத்தில் லிஸ்மோர் என்கிற சின்ன ஊர். பிறந்தது 1931 நவம்பர். தகப்பனார் மாவட்ட நூலகர். வீட்டில் புத்தகம் நிறைய, பணம் குறைச்சல். டெர்வ்லாவின் பத்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு பரிசுகள் வந்தன. தாத்தா கொடுத்தது உலக தேசப்படப் புத்தகம். பெற்றோர் கொடுத்தது பழைய சைக்கிள் ஒன்று. சில நாள் கழித்து ஊருக்குப் பக்கத்து மேட்டில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது, மிதிக்கிற தன் கால்களையே பார்த்து அந்தக் குழந்தை நினைத்ததாம்: இப்படியே மிதித்துக்கொண்டே போனால் ஒருநாள் இந்தியா வந்துவிடும்!

இதை யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஆசைகள் எத்தனையோ!

ஆனால் இந்தியா வர அவருக்கு இன்னும் இருபத்தொரு வருஷம் பிடித்தது. காரணம், தாயார்.

டெர்வ்லா சின்னக் குழந்தையாக இருந்தபோதே அம்மாவுக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்கிற வியாதி. கை கால் மூட்டுகள் வீங்கி, கோணி, கடைசியில் எழுந்து நடக்கவே முடியாமல் போய்விட்டது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு டெர்வ்லா வீட்டோடு வந்தார். சமையல், துவைத்தல், அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தல், குளிப்பாட்டுதல், ராத்திரி கூப்பிட்டால் எழுந்து போதல். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினாறு வருஷத்துக்கு மேல்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஞாபகம் வருகிறார்களா? எனக்கு வந்தார்கள். படுத்த படுக்கையான அம்மாவுக்காகக் கல்யாணம் தள்ளிப்போன பெண், மாமியாருக்குப் பத்து வருஷம் பீங்கான் எடுத்த மருமகள், எல்லா ஊரிலும் உண்டு. "தங்கமான பொண்ணு" என்று பேர் கொடுத்துவிட்டு நாம் போய்விடுகிறோம். அந்தத் தங்கத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறவர் இல்லை.

டெர்வ்லா மறைக்கவில்லை. 1979ல் வந்த தன் சுயசரிதையில், அம்மாவிடம் இருந்த பாசத்தையும், கடைசி வருஷங்களில் அதே அம்மா மேல் வந்த ஆத்திரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மனசு உடைந்துபோகிற நிலைக்கு வந்ததையும் எழுதியிருக்கிறார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அப்படிக் கோபம் வருவது பாவம் இல்லை, சகோதரிகளே. களைப்பு அப்படித்தான் பேசும்.

அந்தத் தாயாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தன்னைவிட்டு நகர முடியாத மகளைப் பார்த்து, "நீ போய்ட்டு வா" என்று பிரயாணத்துக்கு ஊக்கம் கொடுத்தவரும் அவரேதான். 1951ல் சில வாரங்கள் வேல்ஸ், தெற்கு இங்கிலாந்து என்று சைக்கிளில் சுற்றிவந்தார் டெர்வ்லா. பின்னால் ஸ்பெயின் வரைக்கும் போனார். போய்விட்டுத் திரும்பவும் அதே கட்டில் பக்கம். வீட்டில் நோயாளியைக் கவனிக்கிற பெண் இருந்தால், வருஷத்துக்கு ஒரு பத்து நாளாவது வேறு யாராவது அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகளுக்கும் இந்த வேலை தெரியும், தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும்.

இந்த வியாதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. குழந்தை பெற்ற இளம் தாய்மாருக்கும் வரும். இரண்டு கைவிரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் அரைமணி ஒருமணி நேரம் இறுக்கமாக இருந்து, அது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், "வாயு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். டெர்வ்லாவின் தாயார் காலத்தில் மூட்டு அழிவதைத் தடுக்கிற மருந்து இல்லை. இப்போது இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைத் தொடக்க மாதங்களிலேயே ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்ற முடிகிறது. கர்ப்பமாக இருக்கிறவர்கள், கர்ப்பத்துக்கு எதிர்பார்த்திருக்கிறவர்கள் இந்த மெத்தோட்ரெக்சேட்டைச் சாப்பிடக் கூடாது. அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பனியில் கிளம்பினார்

1961ல் தகப்பனார் காலமானார். 1962 ஆகஸ்டில் தாயாரும் போய்ச் சேர்ந்தார். 1963 ஜனவரியில் டெர்வ்லா கிளம்பிவிட்டார். வயது 31.

ஐரோப்பா அப்படி ஒரு குளிரைப் பல வருஷங்களாகப் பார்த்ததில்லை என்று சொன்ன மாரிக்காலம் அது. பிரான்சின் டங்கர்க் துறைமுகத்திலிருந்து சைக்கிள் புறப்பட்டது. அதற்கு 'ரோஸ்' என்று செல்லப் பெயர், ஸ்பெயின் தேசத்துக் கதையில் வரும் டான் கிஹோட்டேயின் குதிரை ரோசினாண்டே ஞாபகமாக! பிரான்ஸ், இத்தாலி, யுகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அப்புறம் இந்தியா. பனி தாங்காத இடங்களில் ரயிலிலும் லாரியிலும் ஏறிக்கொண்டார். அதில் அவர் வீறாப்புப் பார்க்கவில்லை.

தைரியசாலி என்று எல்லோரும் எழுதினார்கள். என் அபிப்பிராயம் வேறு. அவர் கெட்டிக்கார வீட்டுக்காரி. மலை ரோட்டில் பழுதானால் ரிப்பேர் பண்ண ஆள் கிடைக்காது என்று சைக்கிளின் கியரை முன்கூட்டியே கழற்றிவிட்டார். வழியில் இருக்கிற தூதரகங்களுக்கு மாற்று டயர்களை முன்னாலேயே தபாலில் அனுப்பிவைத்தார். தீபாவளிக்கு ஒரு மாசம் முந்தியே உளுந்தும் எண்ணெயும் வாங்கி வைக்கிறோமே, அதே புத்திதான். பதினாறு வருஷம் குறைந்த காசில் ஒரு நோயாளி வீட்டை நடத்தியவருக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார். யுகோஸ்லாவியாவில் ராத்திரி பனிக்காட்டில் ஓநாய்கள் மேலே பாய்ந்தபோது சுட்டார். ஈரானில் சைக்கிளைப் பிடுங்க வந்தவர்களை விரட்ட உதவியது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுகிற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. இப்போது முயன்றால் நேரே ஜெயில்தான். அதனால் அந்தப் பேச்சு அதோடு நிற்கட்டும்.

அவருக்குப் பெரிய அடி விழுந்தது ஆப்கானிஸ்தானில், அதுவும் சைக்கிளில் போகும்போது இல்லை. பஸ்ஸுக்குள் நடந்த சண்டையில் யாரோ வீசிய துப்பாக்கிக் கட்டை இவர் மேல் பட்டு விலா எலும்பு மூன்று முறிந்தது. ஆனாலும் அந்த முழுப் பிரயாணத்திலும் அவருக்கு மிகவும் பிடித்துப்போன நாடு ஆப்கானிஸ்தான்தான். கிராமத்து ஏழை வீடுகளில் கொடுத்த ரொட்டியும் தேநீரும் படுக்க இடமும் அவரை அப்படிக் கட்டிப்போட்டுவிட்டன. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, முரட்டு உடை போட்டிருந்ததால் பல இடங்களில் ஆண் என்றே நினைத்துவிட்டார்களாம். அவரும் திருத்தப் போகவில்லை.

ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். ஆறு மாசம் ஆகியிருந்தது. குளிரில் ஆரம்பித்த பிரயாணம் நம் வெயிலில் முடிந்தது.

வந்தவர் தாஜ்மகால் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். தர்மசாலாவுக்குப் போனார். திபெத்திலிருந்து மலை தாண்டி ஓடிவந்த அகதிக் குழந்தைகளுக்கு தலாய் லாமாவின் அக்காள் அங்கே ஒரு காப்பகம் நடத்திவந்தார். கொஞ்சம் இடத்தில் கூட்டம் கூட்டமாகக் குழந்தைகள். சொறி, சிரங்கு, வயிற்றுப்போக்கு. டெர்வ்லா அங்கே மாதக்கணக்கில் தங்கி, குழந்தைகளுக்குப் புண் கழுவி மருந்து போட்டுக்கொண்டிருந்தார். எந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்து வந்தாரோ அதே வேலை! ஆனால் இந்தத் தடவை யாரும் அவர் தலையில் கட்டவில்லை, தானாகப் போய் எடுத்துக்கொண்டது. அதில் இருக்கிற வித்தியாசம் பெண்களுக்குப் புரியும்.

பிரயாணக் கதை 1965ல் புத்தகமாக வந்தது. அதற்கப்புறம் எழுத்துதான் அவருக்கு ஜீவனம். 2022 மே மாதம் அதே லிஸ்மோரில், தொண்ணூறு வயதில் காலமானார்.

கைக்குழந்தையோடு நின்ற பிரயாணம்

தாய்மார்களுக்கு இனிமேல் வருகிற பகுதிதான் சுவாரஸ்யம்.

1968ல் டெர்வ்லாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாகவே வளர்த்தார். அந்தக் காலத்து அயர்லாந்து கிராமத்தில் அது எப்படிப்பட்ட பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உலகம் சுற்றிய அந்த மனுஷி குழந்தைக்கு ஐந்து வயது நெருங்கும் வரை தூர தேசம் எதற்கும் போகவில்லை. வீட்டிலிருந்து புத்தக விமரிசனம் எழுதிச் சம்பாதித்தார். "குழந்தை பெத்தா எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்கிற இளம் தாய்மாருக்கு இதைச் சொல்ல வேண்டும். முடிந்துபோகவில்லை. ஐந்து வருஷம் தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான்.

1973 நவம்பரில் மகள் ரேச்சலைக் கூட்டிக்கொண்டு பம்பாய் வந்து இறங்கினார். ரயில், பஸ், படகு என்று தெற்கே இறங்கி வந்தார்கள். சைக்கிள் இல்லை. முதுகில் பை, கையில் குழந்தை. கோவா, குடகு, கேரளம், கன்னியாகுமரி, அப்புறம் நம் மதுரை. அந்தப் பிரயாணப் புத்தகம் 1976ல் வந்தது. அதில் மதுரை வருகிற அத்தியாயத்தின் தலைப்பிலேயே காய்ச்சல் இருக்கிறது! மீனாட்சி கோயிலைப் பார்க்க வந்த இடத்தில் காய்ச்சல் என்றால், சின்னக் குழந்தையோடு தனியாக வந்த தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

நாமும் குழந்தையோடு வெளியூர் போகிறோம். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடலாம்.

பிரயாணத்தில் குழந்தைக்கு வருகிற முதல் எதிரி வயிற்றுப்போக்கு. மருந்து உப்புக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ். 1971ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுக்க வைத்தார். கொடுத்தது யார் தெரியுமா? பெரும்பாலும் கூட இருந்த தாய்மாரும் உறவுக்காரர்களும்தான். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலு பேருக்கும் குறைவாக இறங்கியது.

பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கரைத்தால் அளவு தப்பும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது, அது ஆபத்து. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குப் பாலை நிறுத்தாதீர்கள். கூடவே 14 நாளைக்கு துத்தநாக மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், எடைக்குத் தக்க அளவில். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது. குழந்தை குடிக்க மறுத்தால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், வலிப்பு வந்தால், மேற்கொண்டு பிரயாணம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. டெங்குவில் இன்னொரு சூது உண்டு. காய்ச்சல் விட்டதும் அப்பாடா என்று இருப்போம், அப்போதுதான் வயிற்றுவலியும் வாந்தியும் ரத்தக்கசிவும் தலைகாட்டும்.

அழகர்கோயில் போனவர்களுக்குக் குரங்குச் சேஷ்டை தெரிந்ததுதான். நாயோ குரங்கோ கடித்தால், பிறாண்டினால்கூட, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. முதல் ஊசி அன்றைக்கே. "ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

நம்ம பக்கத்து மனுஷர்

அயர்லாந்துக்காரி கதையைச் சொல்லிக்கொண்டே போகிறாயே, நம் ஊரில் ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். கொட்டாம்பட்டியிலிருந்து சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி தாண்டினால் கோட்டையூர். அந்த ஊர்க்காரர் ஏ.கே. செட்டியார். 1911ல் பிறந்தவர். ரங்கூனில் பத்திரிகை ஆசிரியர் வேலை, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படப் படிப்பு. 1937 அக்டோபரில் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்திஜியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. துண்டு துண்டாக உலகம் முழுவதும் சிதறிக்கிடந்த படச்சுருள்களைத் தேடி ஒரு லட்சம் மைல் சுற்றினார். 1940ல் படம் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே அவருக்குப் பட்டமாகிவிட்டது. பின்னாளில் 'குமரி மலர்' என்ற பத்திரிகையை நடத்தினார். டெர்வ்லாவைப் போல அவரும் குடகைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

அவர் போனது பெரும்பாலும் கப்பலில். தரை வழியே தேசம் தாண்டிய நம் பெண்களும் உண்டு, ஆனால் அது ஆசைப்பட்டுப் போன பிரயாணம் இல்லை. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். இடுப்பில் பிள்ளையோடு நடந்த தாய்மார்கள் ஏராளம். பசியிலும் மலேரியாவிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல ஆயிரம். சிவகங்கைச் சீமையில் பர்மாவோடு சம்பந்தம் இல்லாத ஊர் அபூர்வம். உங்கள் வீட்டில் வயதான அப்பத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள், யாராவது பெரியவள் நடந்து வந்த கதை ஒன்று இருக்கும். மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்ற ஊரில், பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்த தமிழர்கள் குடியேறி அங்காளபரமேஸ்வரி கோயிலும் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது கிளம்புவது எப்படி?

டெர்வ்லா வந்த பாதையில் 1970கள் முழுவதும் ஐரோப்பிய இளைஞர்கள் பஸ்ஸிலும் வேனிலும் வந்துகொண்டிருந்தார்கள். 1979ல் ஈரானில் புரட்சி நடந்தது. அந்த வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது. பாதை அடைபட்டுப்போனது. முதல் தடவை தனியாகப் போகிற பெண் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

நமக்கு அருமையாக வாய்த்திருப்பது நேபாளம். இந்தியருக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட்டோ தேர்தல் கமிஷன் வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும். ஆதார் அட்டையை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். சென்னையிலிருந்து கோரக்பூர் வரை நேர் ரயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் சோனாலி எல்லை. வளைவைத் தாண்டினால் வேறு தேசம், பக்கத்திலேயே புத்தர் பிறந்த லும்பினி. பூடானுக்கும் விசா இல்லை. ஆனால் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், 2022 செப்டம்பர் முதல் இந்தியர்களும் ராத்திரி ஒன்றுக்கு 1200 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். இலங்கைக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் ஆரம்பித்து, நின்று, 2024ல் மறுபடி ஓடியது. மழைக்காலத்தில் நின்றுவிடும் என்பதால் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு முன்பெல்லாம் மதுரைக்காரர்கள் திருச்சிக்கு ஓட வேண்டும். 2007ல் மதுரையிலேயே அலுவலகம் வந்துவிட்டது. 2016 டிசம்பரில் விதியையும் சுலபமாக்கினார்கள். தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். கல்யாணச் சான்றிதழ் கட்டாயமில்லை. புருஷனைப் பிரிந்து வாழ்கிற பெண் அவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. போகப் போவதில்லை என்றாலும் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் அது கிடந்தாலே மனசுக்கு ஒரு தெம்பு.

பையை மட்டும் சின்னம்மா கணக்கில் கட்டுங்கள். கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பாதியை வெளியே எடுங்கள். புதுச் செருப்பு வேண்டாம், இரண்டு மாசம் பழகிய செருப்பு. கொப்புளம் வந்தால் உடைக்காமல் துணி கட்டுங்கள். பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். போகிற ஊருக்குப் பகலில் போய்ச் சேருகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். ஒரு மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை. வீட்டுக்குத் தினம் ஒரு போன், ஒரே நேரத்தில்.

இன்னொன்று. பாதயாத்திரைக்கும் டூருக்கும் போகிற பெண்கள், அந்த மூன்று நாளைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறான். நோரெத்திஸ்டிரோன் என்கிற அந்த மாத்திரையை, நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் தீட்டு வரும். காலில் ரத்தம் உறைந்த தொந்தரவு இருந்தவர்கள், கல்லீரல் வியாதிக்காரர்கள், கர்ப்பமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. ஒரு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சுத்தமான துணியோ நாப்கினோ கப்போ, பழகியதை எடுத்துக்கொண்டு போவதே உத்தமம். பிரயாணத்தில் புதுசு எதையும் பரீட்சை பார்க்காதீர்கள்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். அது இல்லாமல் அந்தக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால் ஆறு நாள் வரை தனியே அடைத்து வைத்துவிடுவார்கள்.

திரும்பி வந்து பெட்டியைப் பிரித்து, துணி துவைத்து, எல்லாம் மறந்த பிறகும் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. காட்டுப்பகுதி, கொசு நிறைந்த ஊர்களுக்குப் போய்வந்தவர்களுக்கு மலேரியா வாரக்கணக்கில் கழித்தும் வரும், சில வகை மாதக்கணக்கிலும் வரும். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், "மருந்து கொடுங்க சார்" என்று மட்டும் சொல்லாமல், எந்தெந்த ஊருக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதையும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.